வறண்ட ஓடைக்கு ஒரு வெள்ளக் கணக்கு

அறுபதுகளின் கடைசியில் அரசாங்கம் எனக்குக் கொடுத்த வேலை, தண்ணீரே இல்லாத ஓடையில் எவ்வளவு வெள்ளம் வரும் என்று கணக்கிடுவது. திருச்சுழிக்குத் தெற்கே ஒரு கரிசல் கிராமம். ஓடையில் பாலம் வந்தால்தான் ஊருக்குள் பஸ் வரும். அதற்காகப் பல வருஷம் மனுப் போட்டவர் அந்த ஊர்ப் பெரிய சம்சாரி; கரிசலில் விவசாயியை அப்படித்தான் சொல்வார்கள். அவருடைய பருத்தி வண்டிகள்தான் மழைக்கு மழை ஓடைச் சகதியில் அச்சு முறிந்து நின்றவை.

கணக்கு எளிது. மேட்டு நிலத்தில் பெய்யும் மழையில் மண் குடித்தது போக மிச்சம் எவ்வளவு ஓடிவரும் என்று பார்க்க வேண்டும். கரிசல் எவ்வளவு குடிக்கும் என்பது கரிசலுக்கு மட்டுமே தெரியும். ஆகவே ஊர்க்காரர்கள் கண்ட பெரிய வெள்ளம் எதுவரை வந்தது என்று விசாரித்து, கையெழுத்து வாங்கி, இரண்டையும் ஒத்துப் பார்ப்பது வழக்கம்.

முதலில் மேற்கே, ஓடையின் மேல்போக்கில் அக்கரையில் இருக்கும் பக்கத்து ஊரில் விசாரித்தேன். இடுப்பளவு என்றார்கள். பிறகு சம்சாரியிடம் வந்தேன்.

"மேக்க உள்ளவுக என்ன சொன்னாக?" என்றார்.

சொன்னேன். அந்த ஊரில்தான் அவர் மகனுக்குப் பெண் கொடுத்த சம்பந்தி இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது.

"அப்ப இங்க கழுத்துன்னு எழுதுங்க சார்."

சேதி கேட்டுச் சம்பந்தி சைக்கிளில் வந்து, தங்கள் ஊர் வெள்ளத்தை ஆளுயரமாகத் திருத்தச் சொன்னார். சாயங்காலத்துக்குள் சம்சாரியின் வெள்ளம் உடைமரத்து உச்சியைத் தொட்டுவிட்டது. கையெழுத்தும் ஆகிவிட்டது.

தாலுகாவில் பதிவான பெருமழை முழுவதையும், மண்ணில் ஒரு சொட்டுகூட இறங்கவிடாமல் ஓடைக்குள் தள்ளிப் பார்த்தேன். தொடையைத் தாண்டவில்லை. அருப்புக்கோட்டையில் மேலதிகாரி கோப்பைப் புரட்டிவிட்டு, இந்த வெள்ளத்துக்குப் பாலம் கட்டுப்படியாகாது, வேண்டுமானால் துறைமுகம் கேட்டுப் பார் என்றார்.

வெள்ளம் இறங்காவிட்டால் பாலம் இல்லை என்று சம்சாரியிடம் போய்ச் சொன்னேன். அவர் ஓடையைத் திரும்பிப் பார்த்தார். அதில் ஆடு ஒன்று படுத்திருந்தது. பிறகு மாட்டுச் சந்தை மாதிரி பேரம் நடந்தது. மார்பளவில் கொஞ்ச நேரம் நின்றோம். மண் குடித்தது போக என் கணக்கில் தேறுவது முழங்கால்தான் என்று காட்டியபோது அவர் முகம் சுண்டிப்போனது.

"சரி, முழங்காலுன்னே எழுதிக்கோங்க. ஆனா அவுகளுக்குக் கணுக்காலு. சம்மதம்னா கையெழுத்துப் போடுறேன்."

மேலே குறைவாகவும் கீழே கூடுதலாகவும் தண்ணீர் ஓடுவது இயற்கைதான். நான் படித்த புத்தகங்கள் அத்தனையும் அவர் பக்கமே இருந்தன. எழுதினேன்.

பாலம் வந்தது, பஸ்ஸும் வந்தது. கணுக்கால் சங்கதி காதுக்கு எட்டிய சம்பந்தி மட்டும் பாலத்தில் கால் வைப்பதில்லை. மகளைப் பார்க்க வரும்போதெல்லாம் ஓடைக்குள் இறங்கி, காய்ந்த மணலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் அக்கரை ஏறுவார்.