கசிவை அளந்த நாள்

வழக்கமான ஒரு பரிசோதனையில்தான் என் கணவரின் இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடவில்லை என்று தெரியவந்தது. முன்னே போகவேண்டிய இரத்தத்தில் ஒரு பங்கு ஒவ்வொரு துடிப்பிலும் பின்னுக்குத் திரும்புகிறதாம். எவ்வளவு என்பது எக்கோ படத்தில் தெளிவாக இல்லை. எம்ஆர்ஐ எடுத்தால் அளந்துவிடலாம், அதற்குப் பிறகு ஒப்பரேஷனைப் பற்றிப் பேசலாம் என்றார் டொக்டர்.

அன்றிலிருந்து டூங்கபியில் எங்கள் வீட்டில் எங்கள் இருவருக்கும் ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. அவர் புல்லு வெட்டினார். வெட்டின இடத்தையே திரும்ப வெட்டினார். நான் குசினி அலுமாரியில் இருந்த சட்டிபானையெல்லாம் இறக்கித் துடைத்தேன். பிரிஸ்பேனில் இருக்கும் மகள் போன் எடுத்தால் இருவரும் ஒரே நேரத்தில் பேசினோம்.

ஸ்கான் எடுக்கிற நாள் அவர் உள்ளே போனதும் நான் கதிரையில் இருந்தேன், எழும்பினேன், குடிக்காத தண்ணீரை எடுத்துக்கொண்டு வந்து திரும்ப இருந்தேன். கொஞ்ச நேரத்தில் ஸ்கான் எடுக்கும் பெண் வெளியே வந்தாள்.

"அவசரத்துக்கு எங்களைக் கூப்பிடக் கொடுத்த ரப்பர் பந்தை அவர் அமத்திவிட்டார். உள்ளே படுத்திருக்க முடியவில்லையாம். நீங்கள் வந்து பக்கத்தில் நிற்பீர்களா?"

காந்தம் இழுக்கும் என்று எல்லாவற்றையும் கழற்றச் சொன்னாள். தாலிக்கொடி, அதில் கொழுவியிருந்த ஊசிகள், தலைக் கிளிப், எல்லாம் ஒரு பெட்டிக்குள் போனது. கழுத்து வெறுமையாக இருந்ததில் எனக்கு இன்னும் பதற்றம் கூடியது.

அவர் நெஞ்சில் வயர்களோடு மேசை ஓரத்தில் குந்தியிருந்தார்.

"எனக்கு ஏலாது. வீட்ட போவம்."

"போய் என்ன செய்யப் போறியள்? அதே புல்லை வெட்டப் போறியளோ?"

அரைச் சிரிப்புச் சிரித்தார். "நீர் போகமாட்டீரே?"

"இஞ்சதான் நிக்கிறன். படுங்கோ."

அவர் குழாய்க்குள் போனதும் கணுக்காலைப் பிடித்துக்கொண்டேன். ரோட்டை உடைப்பது போன்ற சத்தம். "மூச்சை விடுங்கள், அப்படியே நிறுத்துங்கள்" என்ற அவள் குரல் என் காதுக்கவசத்திலும் கேட்டது. நானும் நிறுத்தினேன். ஒவ்வொரு முறையும் அவருக்கு முதல் எனக்கு மூச்சு முட்டியது. கால்விரல்கள் அசையும்போதெல்லாம் இழுத்து வெளியே எடுத்துவிடலாமா என்று இருந்தது.

முடிந்ததும் அவள் திரையைக் காட்டினாள். முன்னே போகும் இரத்தம் வெள்ளையாகவும் திரும்பி வருவது கறுப்பாகவும் தெரிந்தது. "அந்தக் கறுப்பு கனக்கவோ?" என்று கேட்டேன், தமிழிலேயே. பிறகு அது அதிகமா என்று ஆங்கிலத்தில் கேட்டேன். கணக்குப் பார்த்து டொக்டர்தான் சொல்லவேண்டும் என்றாள்.

அடுத்த கிழமை டொக்டர் சொன்னார். கசிவு நடுத்தரம்; இதயம் பெரிதாகவில்லை; இப்போது ஒப்பரேஷன் தேவையில்லை; வருகிற வருடம் திரும்ப அளப்போம்.

கார் பார்க்கில் அவர் காரைக் கிளப்பாமல் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தார்.

"ஓமெண்டும் சொல்லேல்லை, இல்லையெண்டும் சொல்லேல்லை. இனி ஒரு வருஷம் இதை நெஞ்சுக்குள்ள வைச்சுக்கொண்டு திரியவேணும்."

எனக்கு ஆறுதலும் கோபமும் ஒன்றாக வந்தது. "நெஞ்சை வெட்டேல்லை எண்டு சந்தோஷப்படத் தெரியாதோ உங்களுக்கு?" என்று கத்திவிட்டேன்.

வழியில் வென்ட்வேர்த்வில்லில் நிறுத்தி ஒரு கடையில் தோசை சாப்பிட்டோம். பாதியில் அவர் எழும்பிப்போய் நடைபாதையில் முன்னும் பின்னும் நடந்தார். கடைக்காரரிடம் தட்டை மூடிவைக்கச் சொல்லிவிட்டு நானும் போய்க் கூட நடந்தேன்.