மகள் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி

அக்கா செருப்பைக் கழற்றி மேஜைக்கடியில் தள்ளிவிட்டாள் என்றால், தளத்தின் புது வெர்ஷனை ஏற்றப்போகிறாள் என்று அர்த்தம். அப்புறம் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் கிழி கிழி என்று கிழித்துவிடுவாள். ஆபீசுக்கே அவள் அக்கா.

படம் வரைகிறவர்கள் கூடும் ஓர் இணையதளத்தில் வேலை. முதலில் டேட்டாபேஸுக்கு ஒரு நகல் எடுப்பாள். பிறகு மைக்ரேஷன், அதாவது உள்ளே இருக்கும் தகவல் சிதறாமல் அட்டவணைகளை மாற்றி அமைப்பது. கடைசியில் கேஷை, அதாவது சட்டென்று காட்டுவதற்காகத் தளம் தனியே எடுத்துவைத்திருக்கும் பதில்களை, துடைக்க வேண்டும். கேஷ் என்றாலே அவளுக்குக் கடுப்பு. "அது சரியான சோம்பேறி. ஒரு தடவ கேட்ட பதிலையே ஒப்பிச்சிட்டு இருக்கும். துடைச்சு விட்டாத்தான் எழுந்துபோய் டேட்டாபேஸைக் கேக்கும்." மைக்ரேஷன் ஓடும்போது சர்வரிடம் மட்டும் குழைவாள்: "ஓடுடா ராஜா, அம்மா பக்கத்துலயே இருக்கேன்ல."

அந்தக் கொஞ்சலுக்குச் சொந்தக்காரி வேறொருத்தி. ஒரே மகள். கல்யாணப் பேச்சில் வார்த்தை தடித்து, "இனிமே என் முகத்துல முழிக்காதே" என்று இவள் சொல்ல, மகளும் அப்படியே செய்துவிட்டாள். போன் நம்பரையும் மாற்றிக்கொண்டாள். பாழும் மனசு கேட்கிறதா? இந்தத் தளத்தில் மகளுக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. தினமும் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பாள் அக்கா. மகள் உள்ளே வந்தால் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரியும். மகள் வீட்டை விட்டுப் போனதிலிருந்து அது எரிந்ததே இல்லை.

இன்று காலை, புது வெர்ஷன் ஏறிய கையோடு எரிந்தது. அக்காவைக் கையில் பிடிக்க முடியவில்லை! எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாள். தளத்திலேயே மகளுக்கு என்னென்னவோ எழுதினாள், அழித்தாள், கடைசியில் "சாப்பிட்டியாடி?" என்று மட்டும் அனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்தாள். கேஷ் சுத்தமாக மறந்துபோயிற்று.

மதியம் பக்கத்து மேஜைக்காரன் தலையைச் சொறிந்துகொண்டு வந்தான்.

"அக்கா, மைக்ரேஷன்ல ஒரு கோளாறு. கடைசியா வந்த நேரம்னு புதுசா சேர்த்தோம்ல, அதை வச்சுத்தானே இப்ப பச்சைப் புள்ளி எரியுது, அதுல அத்தனை பேருக்கும் இன்னிக்குத் தேதியே விழுந்துடுச்சு. டேட்டாபேஸைச் சரிபண்ணிட்டேன். ஆனாலும் எல்லாரும் பச்சையாவே எரியறாங்க. கேஷைத் துடைச்சீங்களா?"

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்தான்."

வேறு யார் பக்கத்தையும் அவள் திறந்துகூடப் பார்க்கவில்லை. "இதோ, துடைச்சிடறேன்ப்பா" என்றாள்.

கட்டளையைத் தட்டி முடித்தாள். இடது கைப் பெருவிரலால் திரையில் அந்தப் பச்சைப் புள்ளியை மூடிக்கொண்டு, வலது கையால் என்டரை அழுத்தினாள். வெகுநேரம் விரலை எடுக்கவில்லை.