முயல் படி

திங்கட்கிழமை காலைகளில் எங்கள் வீட்டில் இட்லி வாசனையோடு வாந்தி வாடையும் இருக்கும். ஒன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகள் இனியாவுக்கு அன்றுதான் வாரத் தேர்வு. இந்த வாரமும் யூனிஃபார்மை மாற்றிவிட்டேன். கொஞ்சம் சமாதானப்படுத்தலாம் என்று சமையலறைக் கதவின் அடிப்பக்கத்தைக் காட்டி ஒரு சாக்பீஸைக் கொடுத்தேன்.

"என்ன வேணுமோ எழுது கண்ணு."

"இதுக்கு எத்தன மார்க்கும்மா?"

சாக்பீஸ் தூள் மூக்கில் ஏறினால் எனக்குத் தொண்டாமுத்தூர்ப் பக்கத்து எங்கள் ஊர்ப் பள்ளிதான் ஞாபகம் வரும். பாயில் உட்கார்ந்தபடியே எட்டுகிற உயரத்தில், அறையைச் சுற்றிக் கரும்பலகை. ஆளுக்கு ஒரு கட்டம். டீச்சரும் பாயில்தான் உட்காருவார். பரீட்சை கிடையாது, ரேங்க் கிடையாது. பாடத்தைப் படிப்படியாகப் பிரித்து, படிக்கு ஒரு மிருகப் படம் ஒட்டியிருப்பார்கள். ஒன்று பிடிபட்ட பிறகுதான் அடுத்தது. கழித்தல் வராமல் நான் முயல் படியிலேயே வெகுநாள் குடியிருந்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அப்பா தேங்காய் பறிக்கப் போகிறவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் பார்த்த முதல் ஆள் நான். ஒருநாள் வகுப்பு வாசலில் வந்து நின்றார்.

"ஏனுங் டீச்சர், எம்புள்ள எத்தனாவது ரேங்குங்க?"

"ரேங்கெல்லாம் இல்லீங்க. அம்மணி இப்ப முயல்ல இருக்கறா. அடுத்தது ஆனை."

"ஆனை வேண்டாமுங்க. நேத்துத்தான் தோப்புக்குள்ள பூந்து அத்தனையும் அழிச்சுப்போட்டுப் போச்சு. முயல்லயே இருக்கட்டுங்க."

அந்த முயல்தான் இன்று கோவையில் ஒரு கம்பெனிக்குக் கணக்குப் பார்க்கிறது, கழித்தல் உட்பட.

இனியாவை வேறு பள்ளிக்கு மாற்றலாம் என்று கணவரிடம் சொன்னேன்.

"ஊரே அந்த ஸ்கூல் சீட்டுக்கு வரிசையில நிக்குது அம்மணி."

"நிக்கறவங்க வாந்தி எடுக்கறதில்லீங்க."

வியாழக்கிழமை லீவு போட்டு, இனியாவைக் கூட்டிக்கொண்டு என் பழைய பள்ளிக்கே போனேன்.

பாய்கள் இல்லை, பெஞ்சுகள். புதுத் தலைமையாசிரியர் நல்ல மனிதர். உட்காரச் சொல்லிவிட்டுப் பெருமையாக ஆரம்பித்தார்.

"பேரன்ட்ஸ் கேக்கறாங்கன்னு நாங்களும் வாராவாரம் டெஸ்ட் வெச்சுப்போட்டமுங்க. பிரைவேட்டுக்குக் கொறச்சலில்லீங்க."

"அதுக்குப் பயந்துதானுங்க சார் இங்க வந்தேன்."

அவர் நான் விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார்.

என் பழைய வகுப்பறைக்குப் போய், ஜன்னலுக்குக் கீழே என் கட்டத்தைத் தேடினேன். அறையைச் சுற்றி இடுப்புயரத்துக்கு வெள்ளை டைல்ஸ் ஒட்டியிருந்தார்கள். துடைக்கச் சௌகரியமாம். இனியா மேசையிலிருந்து ஒரு சாக்பீஸை எடுத்துவந்து, சரியாக அந்த உயரத்தில் குந்தி ஏதோ வரையப் பார்த்தாள். வழுக்கியது, கோடு விழவில்லை. எழுந்து பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அம்மா, இங்க டெஸ்ட்டு எந்தக் கெழம?"