விரதமும் குளிசையும் ஒரு முறைப்பாடும்

சலரோகம் என்னும் சீனி வருத்தத்துக்குக் குளிசை போடுபவர் விரதம் பிடிப்பதானால், முதலில் வைத்தியரிடம் கேட்டு அளவை மாற்ற வேண்டும். கிளினிக் கொப்பியில் அச்சடித்தே இருக்கும் இந்த விதியை, அலுவலகத்தில் நாற்பது வருடம் பிறருக்கு விதி காட்டிய நான் வாசிக்கவில்லை.

சென்ற கந்தசஷ்டிக்குப் பகலில் பட்டினி இருந்து, இரவில் பாலும் பழமும் மட்டுமே எடுத்தேன். குளிசையோ இரு வேளையும் தவறவில்லை. மூன்றாம் நாள் கை நடுங்கியது. நான்காம் நாள், மனைவி பாலில் ஏதோ கலக்கிறாள் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது.

"நீ முதல் குடி," என்றேன்.

"என்னப்பா கதைக்கிறியள்?" என்றவள் ஒரு மிடறு குடித்துக் காட்டினாள். அவ்வளவு சுலபமாகக் குடித்ததே என் சந்தேகத்தைக் கூட்டியது.

ஐந்தாம் நாள் அவள்மீது பொலிசுக்கு முறைப்பாடு எழுதி, பிரதி வைத்துக்கொண்டு, பதிவுத் தபாலில் அனுப்பினேன். எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. திரும்பி வந்து வீட்டு வாசலில் விழுந்தேன். பக்கத்து வீட்டுத் தாதி விரலில் குத்தி இரத்தத்தில் சீனி பார்த்தார்.

"சீனி நல்லாக் குறைஞ்சிட்டுது ஐயா. விரதத்திலையும் குளிசை போட்டனீங்களோ?"

"ஓம், நேரம் தவறாமல்."

மனைவி சீனித்தண்ணீர் பருக்கினாள். அரை மணி நேரத்தில் சந்தேகம் கரைந்துவிட்டது. கடிதம் கரையவில்லை. மறுநாளே முறைப்பாட்டை மீளப்பெறுவதாக எழுதி அனுப்பினேன். அவளிடம் சொல்லவில்லை.

இப்போது கிளினிக்கில் கேட்காமல் ஒருவேளை உணவும் விடுவதில்லை. யார்மீதாவது சந்தேகம் எழுந்தால், பேனையைத் தொடமுன் சீனியைப் பார்க்கிறேன்.

பொலிசின் பதில், விசாரணைக்கு வரும்படி அவள் பெயருக்கே வந்தது. நான் சந்தைக்குப் போயிருந்தேன். அவளே பிரித்து வாசித்திருந்தாள். அன்று தைப்பொங்கலுக்கு மறுநாள்; நான் முறைப்பாட்டை மீளப்பெற்று இரண்டு மாதமாகியிருந்தது.