டாட்ஸன் தொடாத தட்டு

செகண்டி ஊரில் மென்சிமாவுக்கு வாய்த்துடுக்கு என்று சொல்வார்கள். அது குறைத்துச் சொன்னது. ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தைப் பாதிரியார் இழுத்துக்கொண்டே போனபோது எழுந்து நின்று, "ஐயா, கர்த்தர் காத்திருப்பார், என் அடுப்பு காத்திருக்காது" என்று சொன்னவள் அவள். ரயிலில் கரி அள்ளிப் போட்டவரின் மகள். வெள்ளைக்கார எஞ்சினியர் வீட்டில் பாத்திரம் கழுவப் போய், பார்த்துப் பார்த்தே சமையல் கற்றவள். மரம் ஏற்றும் கப்பலில் வேலைக்குப் போன புருஷன் திரும்பி வரவில்லை. அழுது பார்த்தாள், பிறகு திட்டிப் பார்த்தாள். திட்டுவதுதான் உடம்புக்கு ஒத்துக்கொண்டது.

பத்தொன்பது வருஷமாக அவள் சமைத்தது ஃப்ரீமேசன் என்ற ஆண்களின் ரகசியச் சங்கத்துக்கு. மேட்டில் நிற்கும் அந்த மஞ்சள் மாடிக் கட்டடத்தைக் கண்டால் பாதி ஊர் எதிர்ப்புறமாக நடக்கும். மாடி ஜன்னல்கள் எப்போதும் சாத்தியே இருக்கும். மாதத்தில் ஒரு சனிக்கிழமை கறுப்புச் சட்டைக்காரர்கள் கையில் சின்னத் தோல்பெட்டியோடு முன்படி ஏறிப் போவார்கள். மேலே சவப்பெட்டி இருக்கிறது, ரத்தம் குடிக்கிறார்கள் என்பது ஊரின் முடிவு. ஒருவன் திடீரென்று மாடி வீடு கட்டினால், "சங்கத்துக்குப் பெத்த தாயைக் குடுத்துட்டான்" என்பார்கள். அந்தத் தாய் அப்போதுதான் சந்தையில் கத்தரிக்காய்க்குப் பேரம் பேசிக்கொண்டிருப்பாள்.

இதைக் கேட்டாலே மென்சிமாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"பத்தொம்போது வருஷமா அங்க வர்ற ஒவ்வொரு எலும்பையும் நான்தான்டீ கழுவுறேன்! ஆட்டெலும்புக்கும் மனுஷ எலும்புக்கும் வித்தியாசம் தெரியாதவளா நான்? பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு கேக்குறீங்களா? ஏப்ரன். இடுப்புல கட்டுற குட்டியூண்டு வெள்ளை ஏப்ரன். நான்தான் இஸ்திரி போடுறேன். அதைக் கட்டிக்கிட்டு ஒரு வெங்காயம்கூட உரிக்க முடியாது."

"சரி, மேல போய்ப் பாத்தியா?" என்பார்கள்.

மேலே போனதில்லை. பெண்கள் மாடி ஏறக் கூடாது, முன்படியையும் மிதிக்கக் கூடாது. அவளுக்குப் பின்வாசல், சமையலறை. சாப்பாட்டை ஒரு மரப்பெட்டியில் வைத்துக் கயிற்றை இழுத்தால் அது மேலே போகும், காலித் தட்டுகள் அதிலேயே இறங்கும். யார் மிளகாய் தாங்குவார், யார் ஈரலை இரண்டாவது தடவை கேட்பார் என்று தட்டுகளை வைத்தே ஆட்களைச் சொல்வாள். அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர் அக்வா வாத்தியார். சங்கத்தின் வாசலைக் காப்பவர் அவர்தான். மென்சிமாவின் தங்கை குக்குவாவுக்கு எழுத்தறிவித்தவரும் அவர்தான். அப்படிப்பட்ட மனிதர் உட்காரும் இடத்தில் என்ன கெட்டது நடந்துவிடும் என்று சந்தையில் வரிந்து கட்டிக்கொண்டு வாதாடுவாள். எத்தனை தடவை வாதாடினோம் என்று பிற்பாடு நினைத்து நினைத்து அவளுக்குத் தன் வாயிலேயே போட்டுக்கொள்ளத் தோன்றியது.

அந்த நாட்டுக்குச் சுதந்திரம் வந்து ஆறாவது வருஷம், ஜூன் மாதச் சனிக்கிழமை. காலையிலிருந்து கொட்டிக்கொண்டிருந்தது மழை. ஒரு மணிக்குக் கூட்டம், மூன்று மணிக்குச் சாப்பாடு. வேர்க்கடலைக் குழம்பு, ஆட்டுக்கறி, ஈரல் வறுவல் எல்லாம் மேலே போயின. மர வியாபாரி டாட்ஸனுக்குச் சர்க்கரை வியாதி. அவருக்கு மட்டும் நீல விளிம்பு போட்ட தட்டில் வேகவைத்த வாழைக்காயும் உப்புக் குறைத்த கீரைக் குழம்பும் தனியாகப் போகும். அன்றும் போயிற்று. மூன்றரைக்கு மூடி திறக்காமல் திரும்பி வந்தது. மென்சிமாவுக்கு மூக்குக்கு மேல் கோபம். தனிச் சட்டி, தனி விறகு, கடைசியில் இந்த மரியாதை.

நாலேகாலுக்கு மாடிப்படியிலிருந்து அக்வா வாத்தியாரின் குரல் கேட்டது. "மென்சிமா, டாட்ஸன் இப்பதான் வந்தார். அந்தத் தட்டைக் கொஞ்சம் சூடு பண்ணி அனுப்பும்மா."

முணுமுணுத்துக்கொண்டே சூடு பண்ணி அனுப்பினாள்.

மாலையில் வீட்டுக்கு வந்தவளை ஆஸ்பத்திரிக்கு வரச்சொல்லி ஆள் வந்தது. குக்குவா புகைபோட்ட மீனைக் கூடையில் வைத்துத் தெருத்தெருவாக விற்பவள். மூன்று மணி மழையில், யாருமே இல்லாத சந்தை வளைவில் ஒரு கறுப்புக் கார் அவளை அடித்துத் தள்ளியிருந்தது. வலது கால் முட்டிக்குக் கீழே நசுங்கிப்போய், டாக்டர் அதை எடுத்துவிட்டிருந்தார்.

"டாட்ஸன்தான் அக்கா," என்றாள் குக்குவா. உதடு வெளுத்திருந்தது, குரல் மட்டும் பழைய குரல். "வண்டிய நிறுத்தினான். ஜன்னலை இறக்கி என்னைப் பாத்தான். நானும் பாத்தேன். அப்புறம் ஜன்னலை ஏத்திக்கிட்டுப் போய்ட்டான். மழை உள்ள அடிக்குது பாரு, பாவம்."

மென்சிமா கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டாள். தங்கையை மழைச் சேற்றில் போட்டுவிட்டு வந்தவனுக்கு அவளே தன் கையால் குழம்பைச் சூடு பண்ணிக் கொடுத்திருக்கிறாள். அந்தத் தட்டு மிச்சமில்லாமல் வழித்துச் சாப்பிட்டுத்தான் திரும்பி வந்தது. சேற்றில் ஒருத்தியைக் கிடத்திவிட்டு வந்தவனுக்கு எப்படி இறங்கியது அந்த வாழைக்காய்? இந்தக் கேள்வி அப்புறம் ஒரு நாளும் அவளை விடவில்லை.

வழக்கு ஆகஸ்டில் வந்தது. டாட்ஸன் கூண்டில் நின்று, ஒரு மணி முதல் ஐந்து மணி வரை தான் சங்கத்துக்குள்ளேயே இருந்ததாகச் சொன்னார். கார் வாசலில் நின்றதாம், செகண்டியில் கறுப்புக் காருக்கா பஞ்சம்? சங்கத்து ஆட்கள் மூன்று பேர் பைபிளில் கை வைத்து, ஆமாம், எங்கள் கூடவேதான் இருந்தார் என்றார்கள். மூன்றாவது ஆள் அக்வா வாத்தியார். அவர் மென்சிமா உட்கார்ந்திருந்த பக்கமே திரும்பவில்லை.

வழக்கை நடத்திய போலீஸ் இன்ஸ்பெக்டர் விடாமல் கேட்டார்: "அவர் எங்க உக்காந்திருந்தார்? யார் பக்கத்துல? கூட்டத்துல என்ன பேசினீங்க? வருகைப் புத்தகத்தைக் காட்ட முடியுமா?"

"அது சங்கத்து ரகசியம். வெளிய சொல்றதில்லன்னு சத்தியம் பண்ணியிருக்கோம்," என்றார் அக்வா.

மாஜிஸ்ட்ரேட் தலையை ஆட்டினார். ஒரு கௌரவமான மனிதரைச் சத்தியத்தை மீறச் சொல்ல இந்த நீதிமன்றம் விரும்பவில்லை என்றார். உள்ளே இருந்தான் என்று சொல்வது ரகசியமில்லை, உள்ளே என்ன செய்தான் என்பது மட்டும் ரகசியம். பொய்க்குக் கதவு திறந்திருக்கிறது, குறுக்குக் கேள்விக்குப் பூட்டு! அந்த நிமிஷம் மென்சிமாவுக்கு விளங்கியது, அந்தக் கட்டடத்தின் ஜன்னல்கள் எதற்காகச் சாத்தியிருக்கின்றன என்று.

அவளைக் கூப்பிட்டார்கள். மூடி திறக்காமல் வந்த தட்டு, நாலேகால் மணி, வாத்தியாரின் குரல் எல்லாவற்றையும் சொன்னாள். டாட்ஸனின் வக்கீல் சிரித்த முகத்தோடு எழுந்தார்.

"ஏம்மா, நீங்க மாடிக்குப் போனதுண்டா?"

"இல்ல."

"அப்ப மாடியில யார் இருந்தாங்கன்னு ஒரு தட்டு வந்து உங்க காதுல சொல்லிச்சா?"

கூட்டம் சிரித்தது.

"சரி, ஊர்ல சொல்றாங்களே, அங்க ரத்தம் குடிக்கிறாங்க, சவப்பெட்டி வச்சிருக்காங்கன்னு. உண்மையா?"

கூட்டம் மூச்சை அடக்கிக்கொண்டு முன்னால் சாய்ந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே ஊர் அந்தக் கட்டடத்தைக் கொளுத்தியிருக்கும். ஆனால் மென்சிமா பொய் சொல்லிப் பழகாதவள்.

"அதெல்லாம் கட்டுக்கதை."

"பத்தொம்போது வருஷத்துல அங்க ஒரு தப்பும் உங்க கண்ணுல படல?"

"படல. ஆனா..."

"போதும்மா. நன்றி."

"போதாது!" என்று அவள் கூண்டின் கட்டையைத் தட்டினாள். மாஜிஸ்ட்ரேட்டை நேராகப் பார்த்தாள். "ஐயா, அன்னிக்கு ஈரல் வறுவல் ரெண்டாவது தடவை மேல போச்சு. கேட்டது யாருன்னு எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அப்ப டாட்ஸன் நாற்காலி காலியா இருந்துச்சா இல்லையா? நீங்களே சொல்லுங்க!"

மாஜிஸ்ட்ரேட்டின் காது சிவந்தது. சாட்சி வரம்பு மீறுவதாகச் சொல்லி அவளை வெளியே கொண்டுபோகச் சொன்னார். மத்தியானம் வழக்கைத் தள்ளுபடி செய்தார்.

இதைக்கூட அவள் பொறுத்திருப்பாள். வாசலில் ஊர் அவளைச் சூழ்ந்துகொண்டு கேட்டதுதான் பொறுக்கவில்லை. "மாஜிஸ்ட்ரேட்டுக்கு மருந்து வச்சிட்டாங்க, பாத்தியா? உன்னையும் மந்திரம் போட்டு 'இல்ல'ன்னு சொல்ல வச்சிட்டாங்க!"

"மந்திரமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல!" என்று கத்தினாள். "கூட்டாளிக்காகப் பொய் சொன்னானுங்க. அவ்வளவுதான்! நடந்தது அவ்வளவுதான்! அதுக்குக் கோபப்படத் துப்பில்ல உங்களுக்கு, சவப்பெட்டி வேணும், ரத்தம் வேணும்!"

ஊருக்கு ஏமாற்றமாக இருந்தது. பொய்தானா, அது எல்லாரும் சொல்வதுதானே என்று கலைந்து போனார்கள். அந்த மஞ்சள் கட்டடத்தை நம்பாதே என்று இத்தனை வருஷம் சொன்ன இதே ஜனம், நம்பக் கூடாததற்கு உண்மையான காரணம் கையில் கிடைத்தபோது கொட்டாவி விட்டது. இந்த ஊரின் பேய்க்கதையைப் போல அந்தச் சங்கத்துக்கு வேறு காவல் இல்லை.

ஒரு வாரம் கழித்து அக்வா வாத்தியார் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். அடுத்த கூட்டத்துக்குச் சமைக்க ஆள் இல்லையாம்.

"உள்ள வராதீங்க வாத்தியாரே," என்றாள். "அங்கேயே நின்னு சொல்லுங்க. அன்னிக்குத் தட்டைச் சூடு பண்ணச் சொன்னது யாரு?"

அவர் தொப்பியின் விளிம்பைத் திருகினார். "சங்கத்துச் சகோதரன் ஒருத்தனையும் கைவிட மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேம்மா. அது லேசான சத்தியம் இல்ல."

"பைபிள்ல பண்ணினது மட்டும் லேசா? குக்குவா கையைப் பிடிச்சு 'உண்மை பேசு'ன்னு சிலேட்டுல எழுத வச்சீங்களே, அதையாவது அழிச்சிட்டு வந்திருக்கலாம்ல?"

அவர் கண் கலங்கியது. கலங்கட்டும். கலங்கின கண்ணை வைத்து ஒரு கால் முளைக்காது. சமையலறைச் சாவியை அவர் காலடியில் போட்டுவிட்டுக் கதவைச் சாத்தினாள். சாவியைத்தான் கொடுத்தாள். நீல விளிம்புத் தட்டைக் கொடுக்கவில்லை. திருடினாள் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

செப்டம்பர் மாதக் கூட்டத்துச் சனிக்கிழமை, ஊரெல்லாம் பார்க்கும் பட்டப்பகலில், மென்சிமா தங்கையைக் கைத்தாங்கலாக மேட்டுக்குக் கூட்டிவந்தாள். பத்தொன்பது வருஷம் மிதிக்காத முன்படியில் அவளை உட்கார வைத்தாள். வெட்டுப்பட்ட காலை மூடவில்லை. பக்கத்தில் நீலத் தட்டை மூடியோடு வைத்தாள்.

கறுப்புச் சட்டைகள் ஒவ்வொன்றாக வந்தன. "என்ன இது?" என்றார் ஒருவர்.

"டாட்ஸன் ஐயா சாப்பாடு. ஜூன் மாசம் மூணு மணிக்கு வச்சது. அவர் இன்னும் வரல."

டாட்ஸன் கார் வந்தது, படியைப் பார்த்தது, இறங்காமலே போயிற்று. எதிர்ப்பக்கம் கூட்டம் கூடிவிட்டது. "மந்திரச் சோறு! அந்தம்மா செய்வினை வைக்குது!" என்று ஒருவன் கூவினான். மென்சிமாவுக்கு வந்ததே கோபம். மூடியைப் பிடுங்கி எறிந்தாள். ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு மென்று காட்டினாள்.

"வாழைக்காய்டா! வெறும் வாழைக்காய்! மழையில என் தங்கச்சியை அடிச்சுப் போட்டுட்டு வந்து, அந்தாளு வழிச்சுத் தின்னானே, அதே வாழைக்காய்! மந்திரம் எங்க இருக்கு? வந்து பாருங்க!"

ஒரு மீன்காரி மட்டும் தெருவைக் கடந்து வந்தாள். தட்டை எட்டிப் பார்த்தாள், பிறகு குக்குவாவின் காலைப் பார்த்தாள். அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். அடுத்த மாதம் ஏழு பேர் உட்கார்ந்தார்கள். அதற்கு அடுத்த மாதம் படியில் இடமில்லை.

நவம்பரில் சங்கத்தின் புதுச் சமையல்காரி சந்தையில் மென்சிமாவின் காதைக் கடித்தாள். முன்வாசலில் முகம் காட்ட முடியாமல் டாட்ஸன் இப்போது சமையலறை வழியாக, கரிச்சட்டிகளை ஒதுக்கிக்கொண்டு, பின்வாசலில் நுழைகிறாராம். நேற்று அக்வா வாத்தியாரும் அவர் பின்னாலேயே வந்தாராம்.

மென்சிமா அதை அப்படியே தங்கையிடம் வந்து சொன்னாள். குக்குவா மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"அப்ப பின்வாசலுக்கும் ஒரு தட்டு வை அக்கா. வாத்தியாருக்கு என்ன பிடிக்கும்?"