மகள் மடியில் கள் போத்தல்

கள் ஊற்றிப் புளிக்கவைத்த ஆப்பம்தான் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் பிடிக்கும். சென்ற அக்டோபரில் ஈப்போவிலிருந்து பாகான் டத்தோவுக்குத் தென்னங்கள் வாங்கப் போனோம். மரமேறும் அண்ணன் கண்ணாடிப் போத்தலில் ஊற்றிக் கொடுத்து, "மூடிய இறுக்காதீங்கக்கா, கள்ளு மூச்சு விடணும்லா" என்றார்.

தலையாட்டினேன். ஆனால் திரும்பும் வழியில் எங்கள் போதகரின் மனைவியைக் காரில் ஏற்றிக்கொள்ள வேண்டும். கள் வாடை வந்தால் என்ன நினைப்பார்? அந்த வெட்கத்தில் மூடியை இறுக்கித் திருகி, பின்னால் உட்கார்ந்திருந்த பத்து வயது மகளின் மடியில் கொடுத்தேன்.

நல்ல வெயில். அரை மணி நேரம் போயிருக்கும்.

"அம்மா, போத்தல் உஸ்ஸுன்னு சத்தம் போடுது."

"ஆப்பத்துக்கு வாங்குனியா, பாம் வாங்குனியா?" என்று காரோட்டிக்கொண்டிருந்த என் கணவர் சிரித்தார்.

திரும்பிப் பார்த்தேன். மூடியைச் சுற்றி நுரை கசிந்தது. பிள்ளை அதன்மேல் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தொறக்காத! மூஞ்சியத் திருப்பு!" என்று கத்தினேன். கணவர் காரை ஓரங்கட்டினார். "இயேசப்பா, இயேசப்பா" என்றபடி போத்தலை வாங்கிப் போய்ப் புல்லில் வைத்துவிட்டு ஓடினேன். கார் கதவைத் தொடுமுன்பே அது வெடித்தது. ஒரு கண்ணாடித் துண்டு செம்பனை மரத்தில் குத்தி நின்றது. மகளைக் கட்டிக்கொண்டு அழுதேன். கர்த்தர்தான் அவள் கண்களைக் காத்தார்.

போதகரின் மனைவி காரில் ஏறியதும், நடந்ததை மறைக்காமல் சொன்னேன். "அடடா, எனக்கும் கொஞ்சம் வாங்கியிருக்கலாமே! எங்க வீட்லயும் ஆப்பந்தான்" என்றார்.

இப்போதெல்லாம் பிளாஸ்டிக் போத்தலில் பாதியளவே வாங்கி, மூடியைத் தளர்த்தி, வாளிக்குள் நிறுத்திவைக்கிறேன். காரில் யார் ஏறினாலும், "உள்ள கள்ளு இருக்கு, வாடை வரும்" என்று நானே முதலில் சொல்லிவிடுகிறேன்.