டைல்ஸ் கணக்கில் ஒளித்த கட்டணம்

பயத்தில் சொன்ன பொய் நல்லதில் முடிந்தால், அது பொய் இல்லை என்று ஆகிவிடுமா? இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை.

சிவகாசியில் எங்கள் பழைய வீட்டைப் புதுப்பிக்க முடிவானபோது, செலவுப் பட்டியலை நான்தான் எழுதினேன். அதில் ஆர்க்கிடெக்ட் கட்டணத்தைப் பார்த்ததும், அச்சகம் நடத்தும் என் மாமனார் சிரித்தார்.

"காலண்டர் ஆர்டர் கொடுக்கிறவுககிட்ட டிசைனுக்குத் தனியாவா காசு வாங்குறோம்? கட்டுறவுககிட்ட வேலையைக் கொடுத்தா பிளானையும் வரைஞ்சு தரப் போறாக. அதை அடிம்மா."

அடித்தேன். ஆனால் சமையலறையைப் பெரிதாக்க இடிக்கவிருந்த சுவரை ஒட்டித்தான் என் மூன்று வயது மகள் தூங்குகிறாள். மனம் கேட்கவில்லை. கட்டணத்தை டைல்ஸ் செலவோடு சேர்த்து எழுதிவிட்டு, விருதுநகரிலிருந்து ஓர் ஆர்க்கிடெக்டை வரவழைத்தேன். மாமனாரிடம், "ஒருத்தவுக வீட்டைப் பார்க்க வர்றாக" என்று மட்டும் சொன்னேன்.

ஆர்க்கிடெக்ட் பெண்மணி மாடியிலும் கீழேயும் நடந்து அளந்தார். "இந்தச் சுவரை இடிச்சிராதீக. மாடி பாரம் பூரா இதுமேலதான் நிக்குது" என்றார்.

"சும்மா பார்க்க வந்தவுகளே இம்புட்டு சொல்றாகளே!" என்று மாமனார் வியந்தார்.

அந்தச் 'சும்மா' என்னைச் சுட்டது.

"சும்மா இல்ல மாமா. டைல்ஸ்னு எழுதுனதுல இவுக கட்டணமும் இருக்கு."

அவர் முன்னாலேயே டைல்ஸ் தொகையைப் பிரித்து, 'ஆர்க்கிடெக்ட் கட்டணம்' என்று பெரிதாக எழுதினேன்.

"எனக்கே டைல்ஸ் ஒட்டி மறைச்சிட்டியேம்மா" என்றவர், அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை.

பொய்க்கு மன்னிப்புக் கேட்பேன். கட்டணத்துக்குக் கேட்கவே மாட்டேன். இரண்டையும் கலக்காமல் அவரிடம் எப்படிச் சொல்வது? வழி தெரிந்தவர்கள் எனக்கு எழுதுங்களேன்.